மூணுல ரெண்டு

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை. இலஞ்சிக் குமாரர் கோயில் மண்டபத்தில் ஒரு தூணுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். ஆனி மாதம். வெளியே விழுவது மழையா, காற்றோடு வரும் ஈரமா என்று தெரியாத சாரல். குற்றால மலையின் மேல்பாதி மஞ்சுக்குள் போய்விட்டது. முகூர்த்த நாள் ஆதலால் உள்ளே கல்யாணக் கூட்டம். நான் எந்தக் கல்யாணத்துக்கும் வந்தவனில்லை. வேட்டி முழங்கால்வரை நனைந்துவிட்டது, காயட்டும் என்று உட்கார்ந்தவன். தூணோடு தூணாக இருப்பவனை யாரும் கவனிப்பதில்லை. அதில் ஒரு சௌகரியம் உண்டு.

ஒரு குடும்பம் வந்து எனக்கு எதிரே, ஐந்தாறு அடி தள்ளி, ஜமுக்காளம் விரித்தது. ஆச்சி ஒருத்தி, அவள் மகன், மருமகள், மகள், பேத்தி, ஐந்து வயதுப் பையன் ஒருவன். பையனுடைய வலது கன்னம் புடைத்திருந்தது.

"மாமா, இன்னொரு துண்டு."

"போதும்ல. சூலத்துக்கு ஒண்ணு போதும்."

கருப்பட்டி. பாவூர்சத்திரத்திலிருந்து வேனில் வந்திருக்கிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. அங்கிருந்து இலஞ்சி மேற்கே. வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் சூலம் மேற்குத் திசையில் நிற்கிறது. கிழக்கே சூலமென்றால் தயிர், வடக்கென்றால் பால், தெற்கென்றால் தைலம், மேற்கென்றால் வெல்லம் என்று பஞ்சாங்கம் பரிகாரம் சொல்லும். பனங்காட்டு ஊர்க்காரர்கள் வெல்லத்தைக் கருப்பட்டியாக்கிக்கொண்டு விட்டார்கள். சூலமும் அதை ஒத்துக்கொண்டிருக்கும் போல.

மகன் செல்போனை எடுத்துப் பார்த்தார். "எம்மா, அவசரப்படாத. ராகு காலம் 10.49க்குத்தான்னு இதுல போட்டிருக்கு."

"பத்தரை."

"இது சூரியன் உதிக்கிறத வச்சுக் கணக்குப் பண்ணுதும்மா."

"செல்லு நேத்து வந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைதான்."

கணக்குப்படி மகன் சொன்னது சரி. வெள்ளிக்குப் பத்தரை முதல் பன்னிரண்டு என்று நாட்காட்டியில் அச்சடித்திருப்பது, சூரியன் சரியாக ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு விழுகிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. ஆனி மாதத்தில் தென்காசிப் பக்கம் பகல் அரை மணிக்கு மேலேயே நீண்டுவிடும். பகலை எட்டாக வகுத்தால் ஒவ்வொரு கூறும் ஐந்து நிமிடம் போல வளரும். நான்காவது கூறுதான் வெள்ளிக்கிழமை ராகு காலம். இத்தனையும் உண்மை. ஆனால் அந்த மண்டபத்தில் மணி பத்தரை என்று முடிவாகிவிட்டது. மகன் செல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது, ஆச்சி மஞ்சப்பையைப் பிரித்தபோது விளங்கியது. வாழையிலைத் துண்டுகள், நனைத்த வாழைநார், ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பிச்சி, இன்னொன்றில் செவ்வரளி. பூக்கட்டிப் பார்க்க வந்திருக்கிறார்கள். பேத்திக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. வேண்டுமா வேண்டாமா? வெள்ளை வந்தால் வேணும். சிவப்பு வந்தால் வேண்டாம்.

"ஜோசியரு பத்துக்கு எட்டுப் பொருத்தம்னு சொல்லியாச்சு. இதுக்கு மேல என்னத்தப் பாக்க?" என்றார் மகன். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வரும். பதில் சொல்லியாக வேண்டும்.

"ஜாதகம் ஜோசியரு பாத்தது. பூ முருகன் பாக்கது."

மகள்காரி யோசனை ஒன்று சொன்னாள்: தரையெல்லாம் மகிழம்பூ கிடக்கிறதே, வெள்ளைக்கு அதையே எடுத்தால் என்ன? ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாமி மரத்துப் பூவ சாட்சிக்கு இழுக்கக் கூடாது." இலஞ்சி என்ற சொல்லுக்கே மகிழமரம் என்று ஒரு பொருள் உண்டு, குளம் என்றும் உண்டு. மலை தாண்டினால் மலையாளத்தில் அந்த மரத்துக்கு இன்றும் இலஞ்ஞி என்றுதான் பெயர். இந்தக் கோயிலின் தலமரமும் அதுதான். சாமி மரத்தை விவகாரத்துக்குள் இழுக்கக் கூடாது என்கிற சட்டத்தை எந்த நூலிலும் நான் படித்ததில்லை. ஆச்சியின் மாமியார் சொல்லியிருப்பாள். அவளுக்கு அவள் மாமியார்.

ஆச்சியின் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விரல் மூட்டுகள் வீங்கி, இடது மோதிரவிரல் நேராக நிமிராது. ஆனால் இலையை மடக்கும்போது அந்த விரல்தான் அடியில் நின்று தாங்கியது. இலைத் துண்டின் நடுவில் நாலு பிச்சி. இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளி, நீளவாக்கில் ஒரு மடிப்பு, அதைத் திருப்பி இன்னொரு மடிப்பு, நாரை இரண்டு சுற்று, ஒரு இழுப்பு. அடுத்ததில் அரளி. இரண்டு பொட்டலத்தையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். அரளி கனம் கூடுதலாக இருந்திருக்க வேண்டும், பிரித்து ஒரு பூவை எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டினாள். மருமகள் கை நீட்டினாள். "இங்க தாங்க அத்தை, நான் கட்டுதேன்." "நீ இலையப் பிடி. உனக்கு முடிச்சு இறுகாது." கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமாவது ஆகியிருக்கும். இன்னும் இலை பிடிக்கிற பதவிதான்.

பேத்தி மட்டும் எதுவும் பேசவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, கால் கட்டைவிரலால் ஜமுக்காளத்தின் கிழிசலை நெருடிக்கொண்டிருந்தாள். வந்தவுடன் ஆச்சியும் அவளும் குழாயடிக்குப் போனதைப் பார்த்தேன். அங்கே அவள் என்னமோ சொன்னாள், ஒரு நிமிஷத்துக்குள் சொல்லி முடித்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்டது ஆச்சியின் பதில் மட்டும்: "சரி, சரி. மூஞ்சியக் கழுவு."

பட்டர் வந்தார். பொட்டலங்களைத் தட்டில் வாங்கிக்கொண்டு சந்நிதிக்குள் போனார். தீபாராதனை வெளிச்சம் தூரத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. வள்ளி, தெய்வானையோடு நிற்கிற குமாரர். கொடுத்த பெண்ணோடு ஒரு கல்யாணமும், பெண்ணைத் தேடிக் காட்டுக்குப் போய் ஒரு கல்யாணமும் செய்துகொண்டவரிடம் போய் இதைக் கேட்கிறார்கள். இன்றைக்கு நேற்றைக்குக் கேட்கிறதுமில்லை. சங்கப் பாட்டிலேயே இது பெரிய வழக்கம். மகள் மெலிந்துபோனால் தாய் கட்டுவிச்சியைக் கூப்பிடுவாள். முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிப் பார்த்து, முருகன் அணங்கினான் என்று அவள் சொல்வாள். வேலன் வந்து வெறியாடுவான், ஆடு அறுப்பார்கள். பெண் மெலிந்ததற்குக் காரணம் மலைநாட்டுக்காரன் ஒருவன் என்பது தோழிக்குத் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும். கடவுளாகவே இருந்தாலும் உனக்கு விவரம் பற்றாது என்று தோழி முருகனையே பிடித்துத் திட்டுகிற பாட்டு நற்றிணையில் இருக்கிறது. குறுந்தொகையில் ஔவையார் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்கிறார். குறி சொல்ல வந்த கிழவி மலைகளை எல்லாம் வரிசையாகப் பாடிக்கொண்டு போகிறாள். தோழி குறுக்கே புகுந்து, அவருடைய மலையைப் பற்றிப் பாடினாயே, அதையே இன்னொரு தரம் பாடு என்கிறாள். யார் அந்த அவர் என்று தாய் இனிமேல் கேட்டுத்தானே ஆகவேண்டும்?

தட்டு திரும்பி வந்தது. பையன் கையை நீட்டி ஒரு பொட்டலத்தை எடுத்தான். மருமகள் பிரித்தாள். வெள்ளை.

மகனின் தோள் இரண்டும் ஒரு அங்குலம் கீழே இறங்கின. "அப்புறமென்ன?" என்று எழுந்திருக்கப் போனார். பேத்தியின் கட்டைவிரல் நின்றுவிட்டது.

"உக்காருல" என்றாள் ஆச்சி. "மூணுல ரெண்டு."

"எப்ப இருந்து?"

"எப்பவும் மூணுல ரெண்டுதான். உன் கல்யாணத்துக்கும் அப்படித்தான் பாத்தேன். உனக்கு என்ன தெரியும், நீ பாளையங்கோட்டைல படிச்சிட்டு இருந்த."

மருமகள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கல்யாணத்தில் முதலில் வந்தது வெள்ளையா சிவப்பா என்பது அவளுக்கு இதுவரை தெரிந்திருக்காது என்று அந்த முகத்தைப் பார்த்து நினைத்தேன். கேட்கவும் இல்லை.

புதுசாக இலை, புதுசாக நார். திரும்பவும் பட்டரிடம் தட்டு போயிற்று. இந்தத் தடவை பையனுக்கு உற்சாகம் கூடிவிட்டது. இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, கடைசியில் ஒன்றை எடுத்தான். பிரித்தார்கள். சிவப்பு.

"ஏல, மூக்க நோண்டுன கையோட எடுத்தியா?" என்றாள் மகள்காரி, பையனைப் பெற்றவள். அதற்குள் மகன் அதைப் பிடித்துக்கொண்டார். கை சுத்தமில்லை, இது செல்லாது. ஆச்சி சொன்னாள்: "செல்லும். புள்ளைக்குத் தீட்டு கிடையாது. இன்னும் ஒண்ணு இருக்குல்லா? அதுக்குக் கை கழுவிட்டு வரட்டும்." பையனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த இடைவெளியில் எனக்கு மேலகரம் ஞாபகம் வந்தது. இங்கிருந்து ஒரு நடை தூரம். திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அவர் எழுதிய குற்றாலக் குறவஞ்சிக்காக நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வந்துவிட்டது. குறி சொன்னதற்குக் கிடைத்த கூலியிலேயே பெரிய கூலி அதுவாகத்தான் இருக்கும். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி, பவனி வந்த குற்றாலநாதரைப் பார்த்து மயங்கிப் படுக்கையில் விழுகிறாள். குறத்தி வருகிறாள். தன் மலையின் பெருமையைச் சொல்கிறாள், தரையை மெழுகிக் கோலம் போடச் சொல்கிறாள், பிள்ளையார் வைக்கச் சொல்கிறாள், சகுனங்கள் நல்லபடி இருப்பதாகச் சொல்கிறாள், கையைப் பிடித்துப் பார்க்கிறாள். பிறகு, உனக்கு வந்திருப்பது ஆசைக் காய்ச்சல் என்று போட்டு உடைக்கிறாள். வசந்தவல்லிக்குக் கோபம் வருகிறது. கோபப்பட்டுக்கொண்டே, அப்படியானால் அவன் பேரையும் சொல்லேன் பார்ப்போம் என்கிறாள். அவளுக்குத் தெரியாத பேரா? தன் வாயால் சொல்ல வேண்டாம், அடுத்தவள் வாயிலிருந்து வந்து விழட்டும். குறத்தி வாங்கிக்கொண்டு போகிற நகையெல்லாம் வருங்காலத்தைச் சொன்னதற்கு என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணின் வாய்க்கு மாற்றாக ஒரு வாயை இரவல் கொடுத்ததற்கு.

நெல்லைச் சீமை வீடுகளில் பாதி சாஸ்திரம் இந்த இரவல் வாய்தான். எங்கள் வீட்டில் அம்மா யாருக்காவது கடன் கொடுக்கப் பிடிக்காவிட்டால், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம் பார்த்துப் பல்லி சொல்லும். எனக்கும் தம்பிக்கும் ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மாவுக்குக் கேட்கும். தரையில் மூன்று தடவை விரலால் தட்டி, "தென்கிழக்கு மூலைல சொல்லுது, இன்னைக்கு வேண்டாம்" என்பாள். அப்பா பஞ்சாங்கத்தில் பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பார். அதில் எந்தத் திசைக்கு என்ன கிழமை என்ன பலன் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கும். அவர் வாசித்து முடிப்பதற்குள் கடன் கேட்டவருக்குச் சொல்ல ஒரு காரணம் தயாராகிவிடும். மனைவி வேண்டாம் என்றாள் என்று சொன்னால் மானம் போகும். பல்லி சொன்னது என்றால் அவரும் தலையாட்டிவிட்டுப் போவார், அவர் வீட்டிலும் பல்லி உண்டு.

நம்புகிறவர்களை அப்பாவிகள் என்று எழுதிவிட்டுப் போவது லேசு. எல்லா வீட்டிலும் இது இவ்வளவு இதமாகவும் நடப்பதில்லை. மூல நட்சத்திரத்தில் பிறந்தாள் என்கிற ஒரே காரணத்தால் முப்பது தாண்டியும் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளுக்கு எந்தப் பல்லியும் இரவல் வாய் கொடுக்கவில்லை. ஜோசியக் கிளிக்குக்கூட அந்தக் கதிதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். 2024 மக்களவைத் தேர்தலின்போது, கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று ஒரு கிளி சீட்டு எடுத்துக் கொடுத்தது. வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்துக்கொண்டு போனது, கிளிகளையும் மீட்டது. வேட்பாளர் தோற்றுப்போனார். கூண்டை விட்டு வெளியே வந்தது கிளிதான் என்பதால், அது எடுத்த சீட்டு தனக்கானது போலிருக்கிறது.

பையன் கை கழுவிவிட்டு வந்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான்.

மணி பத்தே கால். மூன்றாவது பொட்டலங்கள் தயார். ஆனால் பட்டர் இல்லை. உள்ளே ஒரு தாலி கட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. தவில் சத்தம் ஏறியது. மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆச்சியைப் பார்த்தார்.

"பட்டர் எதுக்கு? நானே வச்சுக் கேட்டுக்கிடுதேன்" என்றாள் ஆச்சி. எழுந்து சந்நிதியைப் பார்த்து நின்றாள். இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொரு பொட்டலம். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. பிறகு பையன் பக்கம் திரும்பிக் குனிந்தாள்.

வேறு வேலை இல்லாதவன், இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை, அந்த நிமிராத விரலுள்ள கை, வலது கையைவிட நாலு விரற்கடை முன்னால் இருந்தது. பையனுக்கு எட்டுகிற உயரத்தில். வயதானவர்களுக்குக் குனிந்தால் கை அப்படித்தான் நிற்கும் என்று சொன்னாலும் சொல்லலாம். பையன் பக்கத்தில் இருந்ததை எடுத்தான்.

சிவப்பு.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தவில் மட்டும். மருமகள் இலையைச் சுருட்டினாள். மகன் தொண்டையைச் செருமினார்.

"அவுக கேப்பாவளே, என்னத்தச் சொல்ல?"

"உள்ளதச் சொல்லு. இலஞ்சில போயி பூக்கட்டிப் பாத்தோம், வரலைன்னு சொல்லு. அவுக மூணு தலைமுறையா முருகனக் கும்பிடுதவுக. கோவிச்சுக்கிட மாட்டாவ."

உண்மைதான். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு ஊருக்கும் பகை. நகை கூடக் கேட்கிறீர்கள் என்று சொல்லியிருந்தால் தரகருக்கும் இவருக்கும் பேச்சே நின்றிருக்கும். இப்போது எல்லோரும் கையை விரித்துக்கொள்ளலாம். மகன் ஒரு பெருமூச்சு விட்டார். அதில் வருத்தம் எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

பேத்தி எழுந்து ஜமுக்காளத்தை உதறினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் மடிக்கும்போது அந்த ஓரத்தையும் இந்த ஓரத்தையும் உள்ளே தள்ளி, நீளவாக்கில் ஒன்று, திருப்பி ஒன்று என்று ஆச்சி இலை மடித்த அதே மடிப்பில் மடித்தாள்.

உள்ளே கெட்டிமேளம் முழங்கி அடங்கியது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பெண்ணும் பிரகாரத்துக்கு வரப்போகிறார்கள் என்று ஒரு பையன் வழி விலக்கிக்கொண்டு ஓடினான். குடும்பம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. ஆச்சி நிற்கவில்லை. அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பார்வைகூட இல்லை. தானாகவே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நான் சாய்ந்திருந்த தூணின் மறுபக்கம் வந்து நின்றாள். நெற்றியில் திருநீறு மட்டும். புதுப்பெண் எதிரே தான் வந்துவிடக் கூடாது. இவ்வளவு நேரம் ஒரு வீட்டின் முடிவைக் கையில் வைத்திருந்தவள், அந்த ஊர்வலம் தாண்டும்வரை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். எனக்கு வாயெல்லாம் கசந்தது. பேத்தி மட்டும் கல்யாணப் பெண்ணைப் பார்க்காமல் இந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர்வலம் போயிற்று. ஆச்சி திரும்பினாள். அப்போதுதான் கீழே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது அவள் கண்ணில் பட்டது. எவ்வளவு நேரமாக இருக்கிறேன் என்று கணக்குப் போடுகிறமாதிரி பார்த்தாள். நான் பார்வையை வேட்டிக்கு இறக்கிக்கொண்டேன்.

"எந்தப் பக்கம் போறிய?"

மேற்கே, மலைப் பக்கம் கையைக் காட்டினேன்.

மடியிலிருந்த தாள் பொட்டலத்தைப் பிரித்தாள். "மேக்கயா? இன்னைக்கு மேக்க சூலம்லா. எங்களுக்கு இனி கிழக்கப் போறதுனால ஒண்ணும் இல்ல, இது மிச்சம்." ஒரு துண்டுக் கருப்பட்டியை என் உள்ளங்கையில் வைத்தாள். இடது கையால்தான் எடுத்தாள், உடனே வலது கைக்கு மாற்றித்தான் கொடுத்தாள்.

மகன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார், பத்தரை ஆகப்போகிறது என்று.

கருப்பட்டியில் லேசாகச் சுக்கு மணந்தது. வாயில் போட்டுக்கொண்டேன்.